அடைப்புக்குறிக்குள் லத்தீன்

2013 ஆகஸ்டில் அமெரிக்காவின் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அழகுப் பொருள் தொடர்பான ஒரு காப்புரிமை வழக்கில் தீர்ப்புச் சொன்னது. வழக்குத் தொடுத்த நிறுவனம் ஸ்கின்மெடிகா. எதிர்த்தரப்பு ஹிஸ்டோஜென். செல்களை முப்பரிமாணத்தில் வளர்த்து, அவை வளர்ந்த ஊடகத்தை அழகுப் பூச்சுகளில் சேர்ப்பது ஸ்கின்மெடிகாவின் காப்புரிமைக்குள் அடங்கியது. ஹிஸ்டோஜெனோ செல்களைச் சிறு மணிகளின்மேல் வளர்த்தது. மணியின்மேல் வளர்ப்பதும் முப்பரிமாண வளர்ப்புதானா? வழக்கு இந்தக் கேள்வியைச் சுற்றியே நடந்தது.

காப்புரிமை ஆவணத்தைப் புரட்டிய நீதிபதிகள் ஓர் அடைப்புக்குறியின் அருகே நின்றார்கள். செல்களை ஒற்றை அடுக்காகவோ மணிகளிலோ வளர்க்கலாம், முப்பரிமாணத்தில் வளர்ப்பது இன்னும் நல்லது என்று சொல்லும் வாக்கியம் அது. மணிகள் என்ற சொல்லுக்குப் பின்னால் அடைப்புக்குறி திறந்து, ஐ.ஈ. என்று போட்டு, ‘இரு பரிமாணம்’ என்று எழுதி மூடியிருந்தார்கள். ஐ.ஈ. என்றால் ‘அதாவது’. மணிகளில் வளர்ப்பது இரு பரிமாண வளர்ப்பு என்று எழுதியவர்களே வரையறுத்துவிட்ட பிறகு அதை முப்பரிமாணத்துக்குள் கொண்டுவர வழியில்லை என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. ஆவணத்தின் வேறு பகுதிகளும் ஆராயப்பட்டன என்றாலும் இந்த ஐ.ஈ.க்குத் தீர்ப்பில் கிடைத்த இடம் பெரியது. மூவரில் ஒருவரான தலைமை நீதிபதி ரேடர் உடன்படவில்லை. இரண்டுக்கு ஒன்று என்று ஸ்கின்மெடிகா தோற்றது. காப்புரிமையில் கண்டுபிடிப்பாளராகப் பெயர் உள்ள கெயில் நாட்டன்தான் பிற்பாடு ஹிஸ்டோஜென் நிறுவனத்தைத் தொடங்கியவர் என்பது இதில் உபரி வேடிக்கை.

ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதுகிறவர்கள் இந்த லத்தீன் சுருக்கங்களை ஒரு மிடுக்குக்காகவே பெரும்பாலும் சேர்க்கிறார்கள். நெறியாளரும் அவற்றின்மேல் கண்ணை ஓட்டிவிட்டுப் போய்விடுவார். ஆனால் இவை ஒவ்வொன்றும் வாசகருக்குக் கொடுக்கும் உறுதிமொழி. ஐ.ஈ. போட்டவர், தான் சொன்னது இவ்வளவுதான், இதற்கு வெளியே ஒன்றுமில்லை என்கிறார். ஈ.ஜி. போட்டவர், இவை சில மட்டுமே, இன்னும் உண்டு என்கிறார். முதலாவது கதவைச் சாத்துகிறது. இரண்டாவது திறந்து வைக்கிறது.

மொழியியல் மாணவர் ஒருவர் ‘திராவிட மொழிகள்’ என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் ஐ.ஈ. போட்டு, தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் என்று நிரப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பார்வைக்குப் பிழையே தெரியாது. ஆனால் துளு, கோண்டி, குடகு, குருக்கு ஆகிய மொழிகளையும், பலூசிஸ்தானத்தில் பேசப்படும் பிராகுயியையும் அந்த இரண்டு எழுத்து குடும்பத்தைவிட்டு வெளியே தள்ளிவிட்டது. ஐ.ஈ.யை எடுத்துவிட்டு ஈ.ஜி. போட்டால் வாக்கியம் சரியாகிவிடும். இந்தப் பிழையை இலக்கணப் பிழை என்று சொல்வது குறைத்துச் சொல்வதாகும், அது பொருட்பிழை. மதிப்பீட்டாளர் துறை தெரிந்தவராக இருந்தால், எழுதியவருக்குப் பிராகுயி பற்றித் தெரியாது என்றுதான் முடிவு கட்டுவார். ஈ.ஜி. என்று தொடங்கிய பட்டியலின் கடைசியில் எட்செட்ரா போடுவது இன்னொரு பழக்கம். எடுத்துக்காட்டு என்று முதலிலேயே சொன்ன பிறகு ‘முதலியன’வுக்கு அங்கே வேலையில்லை.

நிறுத்தற்குறிகளில் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. அமெரிக்க வழக்கில் ஐ.ஈ.க்கும் ஈ.ஜி.க்கும் பிறகு காற்புள்ளி வரும். ஆக்ஸ்ஃபோர்டு வழக்கில் வராது. பிரிட்டிஷ் நாளிதழ்கள் சில புள்ளிகளையே விட்டுவிட்டன. எதை வேண்டுமானாலும் பின்பற்றலாம், ஒரே ஆய்வேட்டில் இரண்டையும் கலக்காத வரைக்கும்.

சுருக்கி எழுதும் பழக்கம் பிறந்ததற்குக் காரணம் சிக்கனம். ரோமானியப் பேச்சாளர் சிசரோவிடம் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற செயலர் டைரோ, பேச்சை அப்படியே பதிவுசெய்ய ஒரு சுருக்கெழுத்து முறையை வகுத்தார் என்பது மரபு. ‘எட்’, அதாவது ‘உம்’ என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லுக்கு அந்த முறையில் ஏழு போன்ற ஒரு குறி. அயர்லாந்தின் தெருப் பலகைகளில் அதை இன்றும் பார்க்கலாம். கடைப் பெயர்களுக்கு நடுவே வரும் ‘அண்ட்’ குறியும் ‘எட்’டின் இரண்டு எழுத்துகள் பின்னிப் பிறந்ததுதான். இடைக்காலத்தில் தோல் ஏடு விலை உயர்ந்த சரக்கு. எழுத்தர்கள் பாதிச் சொல்லை விழுங்கி எழுதினார்கள். அந்தச் சுருக்கங்களுக்கு இத்தாலிய ஆவணக் காப்பாளர் அட்ரியானோ கப்பெல்லி 1899இல் ஓர் அகராதியே போட வேண்டியிருந்தது. பழைய ஏடுகளைப் படிப்பவர்கள் இன்னும் அதைக் கையில் வைத்திருக்கிறார்கள்.

ஆங்கில நூல்களில் வரும் விஸ். அந்தக் காலத்து மிச்சம். ‘விடெலிசெட்’, அதாவது ‘இன்னவை என்று’ என்பது அதன் விரிவு. அந்தச் சொல்லில் இசட் எழுத்தே கிடையாது. சொல்லின் ஈறு விடுபட்டதைக் காட்ட எழுத்தர்கள் மூன்று போன்ற ஒரு சுழிப்பைப் போட்டார்கள். அச்சுக்கோத்தவர்களிடம் அந்த உரு இல்லை. பார்வைக்கு ஒத்திருந்த இசட்டை எடுத்துக் கோத்துவிட்டார்கள். பட்டியல் முழுமையாக வரும்போது மட்டும் போட வேண்டிய சொல் இது. இந்திய அரசு ஆணைகளிலும் வழக்கறிஞர் நோட்டீசுகளிலும் இன்னும் உயிரோடு இருக்கிறது, ஆய்விதழ்களில் வழக்கொழிந்துவருகிறது.

ஐரோப்பிய அறிவுலகம் முழுக்க லத்தீனில் எழுதிய காலமும் இருந்தது. நியூட்டன் 1687இல் பிரின்சிபியாவை லத்தீனில் வெளியிட்டார். 1704இல் ஒளியியல் நூலை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். காவுஸ் 1801இல்கூட எண் கோட்பாட்டை லத்தீனில்தான் எழுதினார். தமிழும் இந்த வலைக்குள் இருந்தது. சீகன்பால்குவின் தமிழ் இலக்கணம் 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் லத்தீனில் அச்சானது. வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணமும் லத்தீன் நூலே. 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. பிறகு மொழி விலகிவிட்டது, அடிக்குறிப்பு எழுதும் கருவிகள் மட்டும் தங்கிவிட்டன. தாவரவியலில் மட்டும் லத்தீன் இன்னும் கொஞ்சம் இருந்து பார்த்தது. புதிய தாவர இனத்துக்கு லத்தீன் விவரிப்பு கட்டாயம் என்ற விதி 2012 ஜனவரி 1 முதல் தளர்ந்தது. ஆங்கிலத்திலும் எழுதலாம் என்றானது.

தங்கிய கருவிகளில் அதிகம் தவறாகக் கையாளப்படுவது சி.எஃப். இது ‘கன்ஃபர்’ என்ற ஒரே சொல்லின் சுருக்கம், ஆகவே கடைசியில் ஒரு புள்ளி போதும். நடுவிலும் ஒரு புள்ளி வைப்பவர் இதை இரண்டு சொல் என்று எண்ணிவிட்டார் என்று அர்த்தம். பொருள் ‘ஒப்பிட்டுப் பார்க்க’. தமிழ் உரைகளிலும் பதிப்புகளிலும் வரும் ‘ஒப்பு.’ செய்யும் அதே வேலை. தன் கூற்றுக்கு ஆதாரம் காட்டும் இடத்தில் இதைப் போடுவது வாசகரைத் திசைதிருப்பும். ஆதாரம் என்றால் வெறுமனே ‘பார்க்க’ என்று காட்டலாம். இன்னொருவர் வேறு கோணத்தில் சொன்னதை எதிரே நிறுத்திக் காட்டும்போதுதான் சி.எஃப். வர வேண்டும். உயிரியலாளர்கள் கையில் இதற்கு இன்னொரு வேலை. பேரினப் பெயருக்கும் இனப் பெயருக்கும் நடுவில் சி.எஃப். வந்தால், பிடிபட்ட மாதிரி அந்த இனத்தைப் போலிருக்கிறது, உறுதியாகச் சொல்ல முடியாது என்று பொருள். மீன் வகைப் பட்டியலைப் படிக்கும் இலக்கிய மாணவர் அதை ‘ஒப்பிடுக’ என்று வாசித்தால் ஏமாந்துபோவார்.

இபிட். கதை வேறு. ‘மேலே சொன்ன அதே இடம்’ என்பது அதன் பொருள். தமிழ் ஆய்வேடுகளில் ‘மேலது’ என்று வருவது இதுவே. பழைய தமிழ்ப் பத்திரங்களிலும் கணக்கேடுகளிலும் மேற்படி என்பதற்கு ௸ என்று தனிக் குறியே போட்டார்கள். யூனிகோடிலும் அதற்கு இடம் இருக்கிறது. அச்சுக்கோத்த காலத்தில் நூல் பெயரைத் திரும்பத் திரும்பக் கோக்காமல் தப்பிக்க இபிட். உதவியது. கணினியில் அதுவே வில்லங்கம். ஆய்வேட்டின் நாலாம் இயலில் 57ஆம் குறிப்பும் 58ஆம் குறிப்பும் ஒரே நூலைச் சுட்டுகின்றன, 58இல் இபிட். இருக்கிறது. நெறியாளர் சொன்னார் என்று நடுவில் ஒரு புதுக் குறிப்பைச் செருகினால், மென்பொருள் எண்களைத் தானே மாற்றிவிடும். இபிட். மட்டும் சத்தமில்லாமல் புது நூலைச் சுட்டத் தொடங்கிவிடும். வாய்மொழித் தேர்வு வரைக்கும் யாருக்கும் தெரியாது.

இதனாலும் மின்னூல் வாசிப்பினாலும் இபிட்.டின் மவுசு குறைந்துவருகிறது. இணைப்பைத் தட்டிக் குறிப்புக்குப் போகும் வாசகருக்கு அங்கே இபிட். என்று மட்டும் தெரிந்தால் என்ன பயன்? சிகாகோ நடைக்கையேடு 2017இல் வந்த 17ஆம் பதிப்பிலிருந்து அதைத் தவிர்க்கச் சொல்கிறது. ஆசிரியர் பெயரையும் சுருக்கிய தலைப்பையும் தருவதே மேல் என்பது அதன் கட்சி. ஆப். சிட்., லாக். சிட். ஆகியவற்றுக்கு அது முன்பே விடைகொடுத்துவிட்டது. முன்னூறு பக்கம் முன்னால் எங்கோ குறிப்பிட்ட நூலைத் தேடி வாசகரை ஓடவிடும் ஆப். சிட். ஒழிந்ததில் வருந்த ஒன்றுமில்லை. பிரிட்டிஷ் சட்ட மேற்கோள் முறையான ஆஸ்கோலா இவற்றை ‘லத்தீன் கருவிகள்’ என்று கொஞ்சம் கிண்டலாகவே அழைத்து விலக்குகிறது, இபிட்.டை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. அமெரிக்கச் சட்ட இதழ்கள் பின்பற்றும் புளூபுக்கில் இபிட்.டின் இடத்தில் ஐ.டி. இன்றும் ஆட்சி செய்கிறது. முந்தைய குறிப்பில் ஒரே ஒரு சான்று இருந்தால்தான் அதைப் போடலாம் என்ற நிபந்தனையோடு.

இந்தச் சுருக்கங்களை எங்கே வைப்பது என்பதற்கும் விதி இருக்கிறது. உளவியலிலிருந்து கல்வியியல், செவிலியம் வரை பரவியிருக்கும் ஏ.பி.ஏ. (அமெரிக்க உளவியல் சங்க) நடைப்படி ஐ.ஈ., ஈ.ஜி., சி.எஃப். எல்லாம் அடைப்புக்குறிக்குள் மட்டும் வர வேண்டும். ஓடும் வாக்கியத்தில் அவற்றின் ஆங்கிலச் சொற்களையே விரித்து எழுத வேண்டும். விதிவிலக்கு, பின்னால் வரப்போகும் எட் ஆல். மாணவர்கள் இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் ஆய்விதழ் ஆசிரியர்களின் சிவப்பு மை பாதியாகக் குறையும்.

லத்தீனே வேண்டாம் என்ற இயக்கமும் பிரிட்டனில் உண்டு. இங்கிலாந்தின் உரிமையியல் நீதிமன்றங்கள் 1999இல் புதிய நடைமுறை விதிகளோடு பல லத்தீன் தொடர்களைக் கைவிட்டன. 2008இல் போர்ன்மத் நகர மன்றம் தன் ஊழியர்களுக்கு விலக்கச் சொற்பட்டியல் ஒன்றைக் கொடுத்தபோது, கேம்பிரிட்ஜ் செவ்வியல் அறிஞர் மேரி பியர்ட் கொதித்தெழுந்தார். 2016இல் பிரிட்டிஷ் அரசின் பொதுத் தளம் ஐ.ஈ., ஈ.ஜி., எட்செட்ரா ஆகியவற்றைப் படிப்படியாக நீக்கப்போவதாக அறிவித்தது. அதற்குச் சொன்ன காரணம் வலுவானது. பார்வையற்றோருக்காகத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள்கள் சில, புள்ளியில்லாத ஈ.ஜி.யை முட்டைக்கான ஆங்கிலச் சொல்லாக ஒலித்தன. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களும் இவற்றில் தடுக்கி விழுந்தார்கள்.

ஆய்விதழ்களுக்கு இவ்வளவு கடுமை தேவையில்லை. அங்கே வாசிப்பவர்கள் இந்தக் குறிகளுக்குப் பழகியவர்கள். ஆனாலும் ஐயம் வந்தால் விரித்து எழுதுவதில் நட்டமில்லை. சிக் என்ற குறியில் மட்டும் கூடுதல் நிதானம் வேண்டும். மூலத்தில் உள்ளபடியே தருகிறேன், பிழை என்னுடையதல்ல என்பதைக் காட்டச் சதுர அடைப்புக்குள் வரும் சொல் அது. இதைப் போட்டு மற்றவரின் எழுத்துப்பிழைகளை ஊருக்குக் காட்டி மகிழ்கிறவர்கள் உண்டு. சொந்த ஆங்கிலத்தில் முழு நம்பிக்கை உள்ளவர்களுக்குக்கூட அது ஆபத்தான விளையாட்டு.

எட் ஆல். இவை எல்லாவற்றிலும் கனமானது. ‘மற்றும் பிறர்’ என்பது பொருள். எட் முழுச் சொல், அதற்குப் புள்ளி கிடையாது, ஆல். சுருக்கம், அதற்கு உண்டு. எட்டிலேயே ‘மற்றும்’ இருப்பதால் முன்னால் ஆங்கில ‘அண்ட்’ போடக் கூடாது. பின்னால் வரும் வினை பன்மையில் இருக்க வேண்டும். ஏ.பி.ஏ. கையேடு இதில் ஒரு நுட்பமும் காட்டுகிறது: எட் ஆல். பன்மை என்பதால் தனி ஒருவருக்குப் பதிலாக அதைப் போட முடியாது. ஒரே ஆண்டில் வந்த, ஒரே மாதிரித் தொடங்கும் இரண்டு கட்டுரைகளைப் பிரித்துக் காட்ட முதல் சில பெயர்களை எழுதிவரும்போது கடைசியில் ஒருவர் மட்டும் மிஞ்சினால், அவரையும் பெயர் சொல்லியே எழுத வேண்டும்.

யார் பெயர் நிற்கும், யார் ‘பிறர்’ ஆவார் என்பதை இதழுக்கு இதழ் ஒரு விதி தீர்மானிக்கிறது. நேச்சர் இதழின் மேற்கோள் பட்டியலில் ஐந்து பேர் வரை பெயர் கிடைக்கும். ஆறாமவர் சேர்ந்தால் முதல் பெயர் தவிர மற்ற ஐவரும் மறைவார்கள். மருத்துவ இதழ்களின் வான்கூவர் முறையில் முதல் அறுவரின் பெயர் வரும். ஏ.பி.ஏ.வின் ஆறாம் பதிப்பில், மூவர் முதல் ஐவர் வரை எழுதிய கட்டுரையை முதல்முறை சுட்டும்போது எல்லாப் பெயரும் தர வேண்டியிருந்தது. 2019இல் வந்த ஏழாம் பதிப்பில் மூவர் என்றாலே முதல் சுட்டலிலேயே எட் ஆல்.தான்.

இந்த மாற்றம் ஒரு பழைய நகைச்சுவையைச் சிதைத்தது. 1948 ஏப்ரல் 1 தேதியிட்ட ஃபிசிக்கல் ரிவ்யூ இதழில், பிரபஞ்சத்தின் தொடக்கத்தில் தனிமங்கள் உருவான விதம் பற்றி ஒரு கட்டுரை வந்தது. ரால்ஃப் ஆல்ஃபர் அப்போது ஜார்ஜ் காமாவிடம் முனைவர் பட்ட மாணவர். ஆல்ஃபர், காமாவ் என்று இரண்டு பெயர் மட்டும் இருப்பது கிரேக்க அரிச்சுவடியில் ஓட்டை விழுந்ததுபோல் காமாவுக்குத் தோன்றியது. ஆல்ஃபா, பீட்டா, காமா என்று முழுமை பெற, அந்த வேலையில் பங்கில்லாத தன் நண்பர் ஹன்ஸ் பேத்தேயின் பெயரை நடுவில் சேர்த்தார். இரண்டு பெரிய பெயர்களுக்கு அருகில் தன் பெயர் அமுங்கிப்போகும் என்று ஆல்ஃபருக்கு மனத்தாங்கல். இன்றைய ஏ.பி.ஏ. விதிப்படி அந்தக் கட்டுரை ஆல்ஃபர் எட் ஆல். மாணவர் நிற்கிறார், புகழ்பெற்ற இருவரும் ‘பிறர்’ ஆகிவிட்டார்கள்.

இருவர் மட்டும் எழுதிய கட்டுரைக்கு இந்த ஆபத்தில்லை. ராமன் விளைவை அறிவித்த 1928ஆம் ஆண்டின் நேச்சர் குறிப்பில் சி.வி. ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் கையெழுத்திட்டிருந்தார்கள். 1930 நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் போனாலும் மேற்கோளில் கிருஷ்ணன் பெயர் என்றும் நிற்கும். மூன்றாவதாக ஒருவர் சேர்ந்திருந்தால் கிருஷ்ணனை இன்று பல இதழ்களில் பார்க்க முடியாது.

மறுகோடியில் துகள் இயற்பியல். ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி செர்ன் ஆய்வகத்தின் அட்லஸ், சி.எம்.எஸ். குழுக்கள் 2015 மே மாதம் கூட்டாக வெளியிட்ட கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். மொத்தம் 33 பக்கம். மேற்கோள்களையும் சேர்த்து ஆய்வு 9 பக்கம், மீதி 24 பக்கமும் பெயர்களும் நிறுவனங்களும். அகரவரிசையில் முதலில் வருபவர் பிரான்சின் ஜார்ஜ் ஆட். ஆகவே உலகம் இதை ஆட் எட் ஆல். என்று சுட்டுகிறது. அட்லஸ் குழுவின் நூற்றுக்கணக்கான கட்டுரைகளுக்கும் அதே பெயர்தான். ஈர்ப்பலைகளைக் கண்டறிந்ததை அறிவித்த 2016ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள். அது அப்பட் எட் ஆல். அகரவரிசை என்பதை எல்லாரும் அறிந்த துறை என்பதால் இயற்பியலில் யாரும் இதைத் தகுதிவரிசை என்று மயங்குவதில்லை.

பொருளியலில் நிலைமை அப்படி இல்லை. அங்கேயும் அகரவரிசைதான் மரபு, ஆனால் கட்டுரைக்கு இரண்டு மூன்று பேர். லிரான் ஐனாவ், லீயட் யாரிவ் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு அமெரிக்காவின் முன்னணிப் பொருளியல் துறைகளை எடுத்துப் பார்த்தது. குடும்பப்பெயர் ஆங்கில அகரவரிசையில் முன்னால் இருப்பவர்களுக்கு நிரந்தரப் பணி கிடைக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. உளவியல் துறைகளில் அப்படி ஒரு தொடர்பு தென்படவில்லை. அங்கே பெயர் வரிசை உழைப்பின் அளவைப் பொறுத்தது. ஐனாவும் யாரிவும் தங்கள் பெயரை எந்த வரிசையில் போட்டார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

டெப்ராஜ் ரேயும் ஆர்தர் ராப்சனும் இதற்கு 2018இல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூவில் ஒரு தீர்வு முன்வைத்தார்கள். பெயர் வரிசையைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்யலாம். அப்படிச் செய்தது வாசகருக்குத் தெரிய, பெயர்களுக்கு நடுவே வட்டத்துக்குள் ஆர் என்ற எழுத்தை அச்சிடலாம். அமெரிக்கப் பொருளியல் சங்கம் தன் இதழ்களில் இதற்கு இடம் கொடுத்திருக்கிறது. அந்தக் கட்டுரையே ரே, நடுவில் அந்த வட்டக் குறி, பிறகு ராப்சன் என்றுதான் அச்சானது. எழுதியவர்கள் இருவரே என்பதால் எட் ஆல். அதைத் தொட முடியாது.